கப்பலுக்கு முன்னும் பின்னும்

ரோம் நகருக்குரிய துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில், கப்பல் ஏறுவோருக்கான பதிவுக் கூடத்தில், எங்களுக்கு முன்னால் ஓர் இந்தியக் குடும்பம் நின்றிருந்தது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் வயதில் இரு பிள்ளைகள். மூத்த பெண்ணின் கழுத்தில் புதிய தொலைநோக்கி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த அலுவலர் அவர்களுடைய கடவுச்சீட்டுகளை இருமுறை புரட்டிப் பார்த்தார்; பின்னர் மேலதிகாரியை அழைத்தார். அவர்களிடம் இருந்த ஷெங்கன் விசா ஒரே ஒரு நுழைவுக்கு மட்டும் உரியது. கப்பலோ, கிரேக்கத் தீவுகளுக்கு இடையே துருக்கியின் குஷாதாசித் துறைமுகத்துக்கும் செல்வது. துருக்கி ஷெங்கன் பகுதியில் சேராத நாடு. அங்குச் சென்றபின் கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ திரும்புவது இரண்டாவது நுழைவாகும். அதற்கு அந்த விசா இடந்தரவில்லை. அதனால் அவர்களைக் கப்பலில் ஏற்ற இயலாது என்று பணிவாகவே சொன்னார்கள். அந்தத் தந்தை எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளைகளைச் சுவரோரம் இருந்த இருக்கையில் அமர்த்திவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

அடுத்து எங்கள் முறை வந்தது. எங்கள் கடவுச்சீட்டுகளில் பலமுறை நுழைவுக்கான விசா இருந்தது. ஐந்து நிமிடத்தில் உள்ளே சென்றுவிட்டோம். ஆயினும் அன்று மாலை கப்பல் கரையை விட்டு நீங்கியபோது எங்கள் மனம் அந்த இருக்கையிலேயே இருந்தது. ஏனெனில் எங்கள் விண்ணப்பத்தை நிரப்பித் தந்த முகவரும் முதலில் ‘ஒருமுறை நுழைவு’ என்ற கட்டத்தில்தான் குறியிட்டிருந்தார். கையெழுத்திடுமுன் நாங்கள் அதைக் கவனித்தது தற்செயலே.

ஐந்தாண்டுக் காலம் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்த தொகையைக் கொண்டு, பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் மேற்கொண்ட பயணம் அது. மும்பையிலிருந்து விமானத்தில் ரோம். அங்கிருந்து ஏழு இரவுகள் கப்பல். மீண்டும் சில நாட்கள் இத்தாலி. திட்டமிடத் தொடங்கியபோது எங்கள் கவனம் முழுவதும் கப்பலின் மீதே இருந்தது. எந்தத் தளத்தில் அறை, சாளரம் உண்டா, சைவ உணவு கிடைக்குமா என்பவற்றையே பல மாலைகள் பேசினோம். திரும்பி வந்தபின் கணக்கைப் பார்க்கையில், கப்பல் கட்டணத்துக்கு ஏறத்தாழ நிகரான தொகை கரையிலும் செலவாகியிருப்பதைக் கண்டோம். பயணத்தின் இடர்கள் யாவும் கரையில்தான் நேர்ந்தன. கப்பல் தன் பயணிகளைத் தானே கவனித்துக்கொள்ளும். கப்பலைச் சென்றடைவதும் அதிலிருந்து இறங்கி வீடு திரும்புவதும் நம் பொறுப்பு. அந்தப் பகுதியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஊர்ப் பெயரும் துறைமுகமும்

விளம்பரத்தில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தாலும், கப்பல் புறப்படுவது ரோமிலிருந்து அன்று. சிவிட்டாவெக்கியா, ரோமின் மையத்திலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள தனி ஊர். ஐரோப்பாவின் பல துறைமுகங்களின் நிலையும் இதுவே. ‘பாரிஸ்’ எனக் குறிக்கப்படும் லெ ஹாவ்ர், பாரிசிலிருந்து 200 கி.மீ. அளவு தள்ளி உள்ளது. ‘பெர்லின்’ எனப்படும் வார்னமுண்டே, பால்டிக் கடற்கரையில் அதைவிடத் தொலைவில் இருக்கிறது. ‘இலண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். அது இலண்டனிலிருந்து 100 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவு. மேலும் அங்கிருந்து புறப்பட வேண்டுமாயின் ஷெங்கன் விசா போதாது. பிரிட்டனின் விசா தனியாக வேண்டும். வெனிஸ் நகரின் உட்கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைவது 2021 ஆகஸ்டு முதல் தடைசெய்யப்பட்டுவிட்டதால், ‘வெனிஸ்’ பயணம் இன்று மார்கேரா, ரவென்னா, திரியெஸ்தே போன்ற இடங்களிலிருந்து தொடங்கலாம். இவற்றுக்கு மாறாகப் பார்சிலோனாவின் துறைமுகம் நகரை ஒட்டியே உள்ளது. ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்துக்கு நகர மெட்ரோவிலேயே செல்லலாம்.

ஆகவே முன்பணம் செலுத்துமுன் துறைமுகத்தின் உண்மைப் பெயரைக் கேட்டறிந்து, விமான நிலையத்திலிருந்து அதன் தொலைவை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரவு எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பவை அதைப் பொறுத்தே அமையும்.

விசா: ஒரு கட்டத்தில் ஒரு குறி

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னரேனும் விண்ணப்பித்தாக வேண்டும். கோடைப் பயணத்துக்கு முன்பதிவு நேரம் கிடைப்பதே அரிது என்பதால், கடைசி நாள் வரை காத்திருத்தல் ஆகாது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பல நாடுகளுக்குச் செல்லும் பயணத்தில், அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பம் செல்ல வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டுக்கு. கப்பல் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் நாங்கள் இத்தாலியில் தங்கிய இரவுகள் இந்த வினாவுக்கு ஐயமற்ற விடையைத் தந்தன.

விண்ணப்பப் படிவத்தில் நுழைவுகளின் எண்ணிக்கை குறித்துக் கேட்கும் இடம் மிகச் சிறியது. ஆனால் கப்பல் பயணிக்கு அதுவே தலையாயது. துருக்கி, மாண்டினீக்ரோ, துனிசியா, பிரிட்டன் போன்ற ஷெங்கன் அல்லாத நாட்டுத் துறைமுகம் ஒன்றேனும் பயண வழியில் இருந்தால், பலமுறை நுழைவையே கோர வேண்டும். கப்பலின் பயண நிரலையும் இணைக்க வேண்டும். கோரியதால் மட்டும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அதில் ‘மல்ட்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறதா, செல்லத்தக்க நாட்கள் திரும்பும் விமானத்தின் நாள் வரை உள்ளனவா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். பிழையைத் திருத்த அப்போது காலம் இருக்கும். பதிவுக் கூடத்தில் இராது. இடையில் வரும் அந்த ஷெங்கன் அல்லாத நாட்டின் சொந்த விசா விதிகளையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் நலம்.

காப்பீட்டுக்கும் இவ்வாறே ஓர் எச்சரிக்கை உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தேவையை நிறைவு செய்யும் எல்லாக் காப்பீடும் கப்பல் பயணத்துக்குப் போதும் என்று பொருளில்லை. நடுக்கடலில் கப்பல் மருத்துவரிடம் பெறும் சிகிச்சை, ஷெங்கன் அல்லாத நாட்டில் ஏற்படும் செலவு, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிடுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்குகின்றனவா என்று ஆவணத்தைப் படித்தே உறுதி செய்ய வேண்டும்.

கப்பலுக்கு முன் இரண்டு இரவுகள்

கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் என்றால், காலை ஏழு மணிக்கு ரோமில் இறங்கும் விமானம் போதுமே என்று தோன்றும். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிச்சம் என்றும் கணக்கிட்டோம். முன்னரே சென்றுவந்த உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் இரண்டு நாள் முன்னதாகப் பயணச்சீட்டு எடுத்தோம்.

வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்கியபோது, எங்கள் இரு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. எங்களில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. பத்து நாட்களுக்கான மாத்திரைகள் அந்தப் பெட்டியில் இருந்தன. கைப்பையில் இருந்தவை மூன்று நாட்களுக்கே போதும். பெட்டி வராதவர்களுக்கான மேசையில் படிவம் ஒன்றைத் தந்து, அடுத்து வரும் நாட்களில் தங்கும் முகவரியைக் கேட்டனர். ரோமில் இரண்டு இரவுகள் தங்கும் விடுதியின் முகவரியை எழுதினோம். மறுநாள் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி விடுதி வாயிலுக்கு வந்து சேர்ந்தது. அன்றே கப்பல் ஏறியிருந்தால் என்ன எழுதியிருப்போம்? நாள்தோறும் வேறு துறைமுகத்தில் நிற்கும் கப்பலைத் துரத்திக்கொண்டு அந்தப் பெட்டி தீவு தீவாக அலைந்திருக்கும். மிச்சப்படுத்த நினைத்த விடுதிக் கட்டணத்தின் மதிப்பு அன்றிரவு எங்களுக்கு நன்கு விளங்கியது.

இதிலிருந்து கற்றவை இரண்டு. முதலாவது, மருந்துகள் முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்க வேண்டும். இரண்டாவது, கப்பல் புறப்படும் நாளில் அந்நாட்டில் இறங்கும் விமானத்தை எடுக்கவே கூடாது. ஒரு நாள் முன்னதாகச் செல்வது கட்டாயம். இந்தியாவிலிருந்து இடைமாற்றத்துடன் செல்வோருக்கு இரண்டு நாள் முன்னதாகச் செல்வதே பாதுகாப்பு. கப்பல் நிறுவனங்கள் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னரே பதிவை முடித்துவிடுகின்றன. தவறவிட்டவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குச் சென்று சேர வேண்டும். அந்தத் துறைமுகம் கடல் நடுவே உள்ள சிறு தீவாக இருந்தால் அது எளிதன்று.

ஐரோப்பிய எல்லையிலும் இப்போது கூடுதல் நேரம் தேவைப்படலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத பயணிகளின் வருகையும் புறப்பாடும் மின்னணு முறையில் பதிவாகின்றன.

துறைமுகத்துக்குப் போகும் காலை

ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து சிவிட்டாவெக்கியாவுக்கு வட்டார ரயில்கள் அடிக்கடி செல்கின்றன. டிரஸ்டேவெரே, சான் பியெத்ரோ நிலையங்களிலும் அவை நிற்கும். ஒரு மணி நேரத்தைச் சற்றே ஒட்டிய பயணம். கட்டணம் சில யூரோக்களே. தாள் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பெற வேண்டும். மறந்தால் அபராதம் உண்டு. சிவிட்டாவெக்கியா நிலையத்திலிருந்து ‘லார்கோ டெல்லா பாச்சே’ என்னும் இடத்துக்குச் சென்றால், அங்கிருந்து துறைமுகப் பேருந்து கப்பல்கள் நிற்கும் துறைகளுக்குக் கொண்டு சேர்க்கும். விமான நிலையத்திலிருந்து நேரே துறைமுகம் செல்வோர் ரோம் மையத்துக்குப் போக வேண்டியதில்லை. டிரஸ்டேவெரே நிலையத்தில் ரயில் மாறினால் போதும்.

ஆனால் ரயில் என்றால் பெட்டிகளைப் படிகளில் தூக்க வேண்டும். முதியவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் இருந்தால் முன்பதிவு செய்த வாடகைக் கார் நல்லது. ரோம் மையத்திலிருந்து அதற்கு 100 யூரோவுக்கு மேல் ஆகும். நால்வர் சேர்ந்து சென்றால் அது பெருஞ்செலவாகத் தோன்றாது.

இத்தாலியில் மற்றொரு செய்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைநிறுத்தங்கள் அங்கு அடிக்கடி நிகழ்பவை. ஆனால் முன்னரே அறிவிக்கப்படுபவை. ரயில் வேலைநிறுத்த நாளிலும், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் இன்றியமையாத வட்டார ரயில்கள் ஓடும் என்பது அங்குள்ள ஏற்பாடு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர் ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லைச் செய்திகளில் தேடிப் பார்த்தால், எந்த நாள் என்று தெரிந்துவிடும்.

எந்த அட்டை எங்கே

பணத்தைப் பற்றிய கேள்விகளைக் கிளையில் கேட்டுத் தீர்த்துக்கொண்டது எங்களுக்குப் பெரிதும் உதவியது. இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகள் இயல்பாக உள்நாட்டுப் பயன்பாட்டுக்கே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியிலோ கிளை வழியாகவோ இயக்க வேண்டும். இதை விமானம் ஏறுமுன் செய்துவிட வேண்டும். அயல்நாட்டில் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைச் செலவுகளுக்கு நாங்கள் யூரோ நிரப்பிய அந்நியச் செலாவணி அட்டையைப் பயன்படுத்தினோம். நிரப்பிய நாளின் மாற்று விகிதமே நிலைப்பதால், செலவைத் திட்டமிடுவது எளிது. கடையிலோ விடுதியிலோ இயந்திரம் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால், யூரோ என்றே அழுத்த வேண்டும். ரூபாயில் தொகை தெரிவது வசதியாகத் தோன்றினும், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமானது.

கப்பலில் முறை வேறு. ஏறியதும் ஒரு கணக்குத் தொடங்கி, அதனுடன் ஓர் அட்டையை இணைப்பார்கள். நாள்தோறும் சேரும் பணியாளர் அன்பளிப்பும் அதில் ஏறும். ஐரோப்பியக் கடலிலேயே ஓடினும் பல கப்பல்கள் அமெரிக்க டாலரில் கணக்கு வைக்கின்றன. மேலும் செலவை எதிர்பார்த்து ஒரு தொகையை அட்டையில் முன்கூட்டியே நிறுத்தி வைப்பதும் உண்டு. பற்று அட்டையையோ செலாவணி அட்டையையோ கொடுத்தால், அவ்வாறு நிறுத்தப்பட்ட பணம் பயணம் முடிந்து சில நாட்கள் கழித்தே விடுபடலாம். திரும்பும் வழியில் கரையில் செலவிட வேண்டிய பணம் அதுவாகவும் இருக்கலாம். ஆகவே கப்பல் கணக்குக்குக் கடன் அட்டை, கரைச் செலவுக்குச் செலாவணி அட்டை என்று பிரித்துக்கொண்டோம். இரண்டையும் ஒரே பையில் வைக்கவில்லை. ரோமில் விடுதிகள் தங்குவோரிடம் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியே பெறுகின்றன. அதற்கும் சிறு செலவுகளுக்கும் கொஞ்சம் யூரோத் தாள்கள் கையில் வேண்டும். பயணம் ஒன்றுக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அயல்நாட்டுத் தாள்களாகப் பெறலாம், அத்தனை தேவைப்படாது.

அயல்நாட்டுச் செலவுக்காகத் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடிய தொகையின் உச்சவரம்பு இரண்டரை இலட்சம் அமெரிக்க டாலர். சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது டி.சி.எஸ். என்னும் வரி உடன் வசூலிக்கப்படும். அது இழப்பன்று, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் பணம் அதுவரை நம் கையில் இராது. விகிதங்கள் நிதிநிலை அறிக்கைக்கு ஏற்ப மாறுபவை என்பதால், பயண ஆண்டின் விகிதத்தைக் கிளையில் கேட்டு, அந்தத் தொகையையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இறங்கிய பின்

கப்பல் விடியற்காலையில் துறைமுகம் திரும்பும். முதல் நாள் இரவே பெட்டிகளை அறை வாயிலில் வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அவை கரையில் காத்திருக்கும். மறுநாள் உடை, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டுத் தவித்தவர்களை எங்கள் தளத்திலேயே கண்டோம்.

காலை ஏழு முதல் பத்து மணிக்குள் எல்லாரும் இறங்குவர். துறைமுகத்திலிருந்து ஃபியூமிசினோ விமான நிலையம் 60 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஆதலால் நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் இடம் பதிவு செய்வது தகாது. பிற்பகல் விமானமும் நெருக்கடியே. ஓர் இரவாவது தங்குவது உடலுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

நாங்கள் முதல் இரவைச் சிவிட்டாவெக்கியாவிலேயே கழித்தோம். கப்பல் பயணிகள் பெரும்பாலோர் ரோமுக்கு விரையும் வழியில் திரும்பியும் பாராத ஊர் அது. அதன் துறைமுகத்தை அமைத்தவர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட திராஜன் பேரரசர். நீர்முனையில் நிற்கும் கோட்டையின் பணியைப் போப் இரண்டாம் ஜூலியஸ் காலத்தில், 1508இல் பிரமாந்தே தொடங்கினார். நடுக்கோபுரத்தின் மேற்பகுதி மைக்கலாஞ்சலோவின் ஆக்கம் என்று மரபாகச் சொல்வர். கோட்டை மதிலின் நிழலில் மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். எந்த அறிவிப்பும் இல்லை, எந்த வரிசையும் இல்லை.

மறுநாள் வடக்கே கால் மணி நேர ரயில் பயணத்தில் உள்ள தார்குவினியாவுக்குச் சென்றோம். ரோமானியருக்கு முன் அங்கு வாழ்ந்த எத்ருஸ்கர் தம் இறந்தோருக்காக நிலத்தடியில் குடைந்த அறைகளும் அவற்றின் சுவர் ஓவியங்களும் அங்கு உள்ளன. 2004 முதல் அவை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாகும். ‘சிறுத்தைகளின் கல்லறை’ எனப்படும் அறையில் இறந்தோருக்கான விருந்து தீட்டப்பட்டிருக்கிறது. இசைக்கும் கலைஞர்களும் சாய்ந்தமர்ந்து உண்ணும் மக்களும் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சுவரில் இருக்கின்றனர். ஏழு நாள் கப்பலில் நாங்கள் கண்ட காட்சிகளுள் எதற்கும் இது குறைந்ததன்று. இதற்கான செலவு இரண்டு ரயில் சீட்டும் நுழைவுக் கட்டணமும் மட்டுமே. பின்னர் ரோமில் இரண்டு இரவுகள் தங்கி, மாலை விமானத்தில் ஊர் திரும்பினோம்.

வீடு சேர்ந்த வாரத்தில் உறவினர் ஒருவர் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு ஆலோசனை கேட்டார். எந்தக் கப்பல் நல்லது என்பதே அவருடைய முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன், ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்து கொடுத்தோம்: ஒன்று கடல், ஒன்று கரை. விசா, முதல் இரவுகள், துறைமுகம் சேரும் வழி, காப்பீடு, திரும்பும் விமானம், வரி, கைச்செலவு என்று கரைப் பத்தியை முதலில் நிரப்புமாறு கூறினோம். எஞ்சும் தொகைக்கு எந்தக் கப்பல் கிடைக்கிறதோ அதுவே அவருக்குரிய கப்பல். அறை சற்றுச் சிறியதாக இருக்கலாம், சாளரம் இல்லாமலும் போகலாம். அதனால் குறைவொன்றுமில்லை. மேல்தளத்தில் நின்றால் கடல் எல்லாருக்கும் ஒன்றேதான்.

அந்தத் தாளின் தலைப்பில், நுழைவுகளின் எண்ணிக்கை என்று எழுதி அடிக்கோடிட்டோம். சுவரோரம் தொலைநோக்கியுடன் அமர்ந்திருந்த அந்தச் சிறுமியை நினைத்தே அதை முதலில் எழுதினோம்.